போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது: டைப் 1 சர்க்கரையும் நெடுந்தூர சைக்கிளும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில ஈசிஆர்ல போனீங்கன்னா, மாமல்லபுரம் தாண்டி கல்பாக்கம் பக்கம் வரைக்கும் ஹெல்மெட்டும் லைட்டுமா சைக்கிள்காரங்க போயிட்டே இருப்பாங்க. அதுல சிலர் பிஆர்எம் ஓட்டுறவங்க. 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்; 600-க்கு 40 மணி நேரம். டைப் 1 சர்க்கரை இருக்கிற ஒருத்தரால இப்படி ஓட்ட முடியுமா? முடியும். ஆனா அந்த 'முடியும்' வர்றதுக்கு எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதைதான் இன்னிக்கு.

நம்ம ஊர்ல 'சுகர்'னா பெரும்பாலும் டைப் 2. மாத்திரை, நடைப்பயிற்சி, காபில சர்க்கரை கம்மி. டைப் 1 வேற. உடம்போட எதிர்ப்பு சக்தியே, கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களை அழிச்சிடும். சின்ன வயசுலேயே வரலாம். இனிப்பு சாப்பிட்டதால வர்றது இல்லை. வெளியிலிருந்து இன்சுலின் போட்டே ஆகணும்.

1922 ஜனவரியில டொரொண்டோவில், லியோனார்ட் தாம்சன் என்கிற 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டாங்க. அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் கூடுதலா வாழ வைக்கிறதுதான் வைத்தியம். அடுத்த வருஷமே லண்டன் டாக்டர் ஆர். டி. லாரன்ஸுக்கும் இன்சுலின் கிடைச்சது. அவரும் நோயாளிதான். உடற்பயிற்சி செஞ்சா அதே அளவு இன்சுலின் இன்னும் பலமா வேலை செய்யுதுன்னு 1926-ல எழுதினார்.

சைக்கிள்காரருக்கு இதுதான் சிக்கலே. நீங்க பெடல் மிதிக்க ஆரம்பிச்சா, உங்க கணையம் இன்சுலினைத் தானா குறைச்சுக்கும். டைப் 1 உடம்புல அது நடக்காது. காலையில போட்ட ஊசியை கோவளம் தாண்டினதும் திரும்ப உறிஞ்சி எடுக்க முடியாது. தசை ஒரு பக்கம் சர்க்கரையை இழுக்கும், இன்சுலின் இன்னொரு பக்கம் தள்ளும். 70-க்குக் கீழே போனா கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், யோசனை குழம்பும். லாரி ஓடுற ரோட்டுல இது வந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டி முடிச்சு தூங்கும்போது, நடுராத்திரியிலும் இறங்கலாம்.

இதைச் சமாளிக்க அளவு தெரியணும். அந்தக் காலத்துல இருந்தது சிறுநீர்ப் பரிசோதனை. பெனடிக்ட் கரைசல்ல சில சொட்டு விட்டுச் சூடு பண்ணினா நீலம், பச்சை, ஆரஞ்சு, செங்கல் நிறம்னு மாறும். சென்னை ஸ்டான்லியில எம். விஸ்வநாதன் 1948-ல தனி நீரிழிவுப் பிரிவு தொடங்கின காலத்துலயும் இதுதான் வழக்கம். ஆனா ரத்தத்துல சுமார் 180 தாண்டினாத்தான் சர்க்கரை சிறுநீர்ல தெரியும். 100-ஆ இருந்தாலும் நீலம், 50-ஆ இருந்தாலும் நீலம். அதுவும் சில மணி நேரம் பழைய தகவல். நம்ம பாஷையில சொன்னா, நேத்தைய லாக் ஃபைலைப் பாத்துட்டு இன்னிக்கு சர்வரை ஓட்டுற மாதிரி. கல்பாக்கத்து அணு உலையை மீட்டர் இல்லாம யாராவது ஓட்டுவாங்களா?

இதை உடைச்சது ஒரு இன்ஜினியர். எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைனுக்கு 12 வயசுலேர்ந்து டைப் 1. 1969-ல ஆஸ்பத்திரிகளுக்குன்னு ஒரு ரத்தச் சர்க்கரை மீட்டர் வந்தது. நோயாளிக்கு விக்க மாட்டாங்க. மனைவி டாக்டர்ங்கிறதால அவர் பேர்ல வாங்கினார். விலை 650 டாலர், எடை ஒன்றரை கிலோ இருக்கும். ஒரு நாளைக்குப் பல தடவை அளந்து, அதுக்கேத்த மாதிரி ஊசியையும் சாப்பாட்டையும் மாத்தினார். எழுதி அனுப்பினதை மருத்துவ இதழ்கள் ஏத்துக்கலை. மனுஷன் 45 வயசுல மருத்துவக் கல்லூரியிலேயே சேர்ந்துட்டார்.

மீட்டர் சட்டைப் பைக்குள்ள வந்த பிறகுதான் ரோடு திறந்தது. ஃபில் சதர்லேண்ட், ஏழு மாசக் குழந்தையா இருக்கும்போதே டைப் 1 வந்தவர். 25 வயசு தாண்ட மாட்டான்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தாங்க. காலேஜ் நாள்ல ஜோ எல்ட்ரிட்ஜ்னு இன்னொரு டைப் 1 சைக்கிள்காரரோட ஒரு பந்தயம்: யாருக்கு சர்க்கரை அதிகமோ, அவர் செலவுல சாப்பாடு. அந்த விளையாட்டுலேர்ந்துதான் 'டீம் டைப் 1' பிறந்தது. 2006-ல அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிற, கிட்டத்தட்ட 4,900 கிலோமீட்டர் போட்டியில எட்டு டைப் 1 ஆட்கள் ரிலேவா ஓட்டி ரெண்டாவது இடம். 2007-ல ஆறு நாளுக்குள்ள முடிச்சு முதல் இடம். பிற்பாடு அந்த அணியே 'டீம் நோவோ நோர்டிஸ்க்' ஆச்சு. எல்லாருமே நீரிழிவு உள்ளவங்க.

அப்புறம் கைல ஒட்டுற சென்சார் வந்தது. விரல் குத்த வேண்டாம். ரத்தத்துல நடக்கிறதைச் சில நிமிஷம் லேட்டா காட்டும், அவ்வளவுதான். வேடிக்கை என்னன்னா, அதை நோயில்லாத பந்தய வீரர்களுக்கும் விக்க சதர்லேண்டே கம்பெனி ஆரம்பிச்சார். 2021-ல சர்வதேச சைக்கிள் சங்கம் போட்டியில அதுக்குத் தடை போட்டது. ஒரு காலத்துல நோயாளிக்கே மறுத்த எண், இப்போ ஆரோக்கியமானவனுக்கு அநியாயச் சாதகமாம்!

நம்ம பக்கம் வெயில் தனிப் பிரச்சனை. இன்சுலின் சூட்டுல கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகள்ல தண்ணி ஊத்தின மண்பானைக்குள்ள வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. பயணத்துக்கு அதே தத்துவத்துல ஈரத்துணிப் பை. ஆனா பெரிய தடை காசு. அரசு மருத்துவமனையில இன்சுலின் இலவசமா கிடைக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாத்துற சென்சாருக்கு பெரும்பாலும் சொந்தக் காசுதான். கார்பன் ஃபிரேம் சைக்கிள் வாங்கினவருக்கு அது ஒரு செலவே இல்லை. சதுரங்கப்பட்டினம் மீனவர் வீட்டுல டைப் 1 இருக்கிற ஒரு பொண்ணுக்கு சைக்கிள் பள்ளிக்கூடத்துலயே கிடைச்சிடும். கைல ஒட்டுற அந்த எண் கிடைக்காது.