மேடைக் குரலும் மெட்டும்: மீனாட்சியம்மாளின் 1940ஆம் ஆண்டுப் பாட்டு நூல்

மேனாட்டு றொக் இசையின் வரலாற்றில் ஒரு பாடகனின் முதல் இசைத்தட்டு தனி மதிப்புப் பெறுவது வழக்கம். 1962ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட பொப் டிலனின் முதற் தொகுதி இதற்குச் சிறந்த உதாரணமாகும். அதிலுள்ள பதின்மூன்று பாடல்களுள் அவர் தாமே இயற்றியவை இரண்டு மட்டுமே. அவ்விரண்டனுள் ஒன்று தமக்கு முன்னோடியான வுடி கத்ரியை விளித்துப் பாடப்பட்டது. அதன் மெட்டும் கத்ரியினுடையதே. கத்ரியின் முதற் தொகுதியோ 1940ஆம் ஆண்டு விக்டர் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. வரட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலமிழந்து இடம்பெயர்ந்த உழவர்களின் துயரைப் பழகிய மெட்டுகளில் அது பாடிற்று.

அதே 1940ஆம் ஆண்டில், இலங்கை மலையகத்திலும் ஒரு பாட்டுத் தொகுதி வெளிவந்தது. அதன் பெயர் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’. பாடியவரும் இயற்றியவரும் மீனாட்சியம்மாள். அவருக்கு விக்டரும் இல்லை, கொலம்பியாவும் இல்லை. ஒரு சிறு நூலும் தம் குரலுமே அவருக்குக் கிடைத்த சாதனங்கள். எனினும் பொகவந்தலாவை போன்ற ஒரு பள்ளத்தாக்கின் நிலைமையை எண்ணிப் பார்ப்போர்க்கு, அச்சாதனங்களே அக்காலத்துக்கு மிகப் பொருத்தமானவை என்பது புலனாகும்.

பொகவந்தலாவை, கெசல்கமு ஓயாவின் மேற்புறத்தே, தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்தது. புகையிரதத்தில் அட்டன் வரை சென்று, அங்கிருந்து நோர்வூட் வழியாகவே அதனை அடைதல் வேண்டும். தோட்டம் என்பது அந்நாளில் தனக்கெனச் சட்டம் வகுத்துக்கொண்ட ஒரு தனி இராச்சியம். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் அதிகாரப் படிகளின் அடியில் லயன் அறைகளில் தொழிலாளர் வாழ்ந்தனர். வெளியார் உட்புகுவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. மீனாட்சியம்மாளின் கணவரான கோ. நடேசய்யர், தொழிலாளரின் நிலையை அறியும் பொருட்டுத் துணி வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் சென்ற செய்தி இக்கட்டுப்பாட்டின் கடுமையை நன்கு உணர்த்தும்.

தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த நடேசய்யர், ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ முதலிய பத்திரிகைகளை நடத்தியவர். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர்; 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். மீனாட்சியம்மாள் அவருடன் பத்திரிகைப் பணியிலும் மேடைப் பணியிலும் பங்குகொண்டார். கூட்டங்களில் பாரதியின் பாடல்களையும் தாம் இயற்றிய பாடல்களையும் அவர் பாடினார். பெண்கள் பொது மேடையேறுவது அரிதாயிருந்த அந்நாளில், கொழுந்து பறிக்கும் பெண்கள் பெருந்தொகையினராயிருந்த ஒரு சமூகத்தின் முன் ஒரு பெண் நின்று அரசியல் பாடியமை சாதாரண நிகழ்ச்சியன்று.

பேச்சிருக்கப் பாட்டு எதற்கு என்ற வினா இங்கு எழலாம். பத்திரிகையை வாசிக்க எழுத்தறிவு வேண்டும்; தோட்டத்தில் அது மிகச் சிலரிடமே இருந்தது. துண்டுப் பிரசுரத்தைக் கங்காணி பறித்துவிடலாம். பேச்சைக் கேட்டவர் அதன் சாரத்தை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுசெல்வார். பாட்டோ சொல் மாறாமல் நினைவில் தங்கும். மீனாட்சியம்மாள் மக்களிடையே ஏற்கெனவே பரவியிருந்த மெட்டுகளைக் கையாண்டார். எனவே கேட்போர் புதிதாகக் கற்க வேண்டியவை சொற்கள் மாத்திரமே. லயத்தில் எழுத்தறிந்த ஒருவர் இருந்தாலும் போதும்; அவர் வாசிக்க மற்றையோர் பாடிவிடலாம். அமெரிக்கத் தொழிற்சங்கத்தினர் 1909இல் வெளியிட்ட சிறு பாட்டுப் புத்தகத்திலும் தேவாலயக் கீதங்களின் மெட்டுகள் இவ்வாறே பயன்பட்டன. இரவல் மெட்டு கலைக் குறைபாடு எனக் கருதுவோர் இந்தப் பயன்பாட்டை நோக்கத் தவறுகின்றனர்.

நூல் வெளிவந்த காலச் சூழலும் ஈண்டு நோக்கற்பாலது. 1939இல் இலங்கை அரசாங்கம் நாட்கூலி பெற்ற இந்திய ஊழியரை வேலையிலிருந்து நீக்க முற்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. ஆகஸ்டில் இந்திய அரசு, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். வேலைநிறுத்தங்கள் பல தோட்டங்களுக்குப் பரவின. இத்தகைய நெருக்கடியிலேதான் அப்பாட்டுகள் அச்சேறின.

எனினும் நூலின் தலைப்பிலேயே ஒரு முரண் பொதிந்திருக்கின்றது. அது மக்களை ‘இந்தியர்’ என அழைக்கின்றது. ஆனால் அது பேசுவதோ ‘இலங்கை வாழ்க்கை’. இந்தியர் என்ற பெயர் அன்று ஒரு பாதுகாப்பு. பெருந்தேசம் ஒன்றின் துணையை நாடும் அழைப்பு. அப்பெயரே பின்னர் ஆயுதமாகத் திருப்பப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கடல் கடத்த வழிசெய்தது. பிற்காலத் தலைமுறையினர் ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரை வற்புறுத்தியதன் காரணத்தை இவ்வரலாறே விளக்கும். மீனாட்சியம்மாளைக் குறைகூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. தம் காலத்தில் கிடைத்த சொல்லைக்கொண்டே எவரும் பாட இயலும்.

பொகவந்தலாவையின் புனித மரியாள் தேவாலய வளவில் ஓர் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை உண்டு. 1879இல் மறைந்த யூலியா மார்கரெட் கமெரன் அவர். அவர் எடுத்த புகைப்படங்கள் உலகின் பெரிய நூதனசாலைகளிற் பேணப்படுகின்றன. அப்பள்ளத்தாக்கில் கொழுந்து பறித்தோரின் பாட்டுகளுக்கோ அத்தகைய காப்பகம் வாய்க்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்களின் பாடல்கள் பிற்காலத்திலேயே நூலாயின. நடேசய்யர் பற்றிய சாரல் நாடனின் நூல் வெளிவந்தது 1988இல். தனி மனிதர் சிலரின் உழைப்பே இவ்வளவையும் காத்தது.

கத்ரியின் குரல் தட்டிற் பதிந்தமையால் இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் டிலன் அவருக்கு விடை பாட முடிந்தது. மீனாட்சியம்மாளின் சொற்கள் தாளில் தங்கின. ஆனால் அவற்றைப் பாடிப் பரப்பிய மக்கள் சட்டத்தாலும் ஒப்பந்தத்தாலும் சிதறடிக்கப்பட்டனர். ஒரு பாட்டு வாழ்வதற்கு மெட்டும் சொல்லும் மட்டும் போதா. அதைச் சேர்ந்து பாடும் சமூகம் தன் மண்ணில் நிலைத்திருத்தல் வேண்டும். 1940இன் அச்சிறு நூல் மலையக வரலாற்று மாணவருக்கு உணர்த்தும் உண்மை இதுவே. அதனை இலக்கியப் பட்டியலில் ஒரு வரியாக நிறுத்திவிடாது, மெட்டோடு மீட்டெடுத்து ஆராய்வது பல்கலைக்கழகங்களின் கடமையாகும்.