வெற்று நாடா தந்த இசைச் செல்வம்

இசையைக் கேட்டல் பலர்க்கும் எளிது. பதிந்து பேணலோ முன்னாளிற் சிலர்க்கே கூடிற்று. சுருள்நாடாக் கருவிகள் பருமனும் விலையும் மிக்கன. 1963ஆம் ஆண்டு பேர்லின் வானொலிக் கண்காட்சியிற் பிலிப்ஸ் நிறுவனத்தார் சிறிய கசற்றை அறிமுகஞ் செய்தனர். லூ ஒற்றன்ஸ் என்னும் பொறியியலாளர் தலைமையில் உருவானது அது. 3.81 மில்லிமீற்றர் அகல நாடாவிற் பூசிய இரும்பு ஒட்சைட்டே காந்தவிசையால் இசையைத் தாங்கியது. 90 நிமிட வெற்றுக் கசற்றிற் பக்கத்துக்கு 45 நிமிடம் பதியலாம்.

பதிந்தபின் அதன் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்ரிக் துண்டை முறித்துவிட்டால், அதன்மேல் வேறொன்று தவறிப் பதியாது. முறிக்க மறந்த வீடுகளிற் பழம்பாட்டின்மேற் புதுப்பாட்டு ஏறிற்று, முன்னது மீளவில்லை. முறித்தலும் முற்றான காப்பன்று. ஈரமும் வெப்பமும் நாடாவைக் கெடுக்கும். ஆதலின், மூத்தோர் பேணிய பதிவுகளை இளைஞராகிய நாம் இன்றே கணினிக்கு மாற்றிக் காப்போமாக.