கர்ப்பத்தின் வேதியியல்: சுரப்பிடத்தைத் தேடியதிலிருந்து தாயுடலை அளந்தது வரை

ஆரோக்கியமான கர்ப்பம் மருத்துவத்தின் கண்ணில் பட்டது நோய்களுக்குப் பிறகுதான். பிரசவ வலிப்பு, பிரசவக் காய்ச்சல், ரத்தப்போக்கு ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள், ஒரு சிக்கலும் இல்லாமல் பிள்ளை பெற்று வீடு திரும்பிய பெண்ணின் ரத்தத்தில் அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று அரிதாகவே கேட்டார்கள். கேட்ட ஓரிருவரிடமும் அளக்கக் கருவி இல்லை.

கர்ப்பகால ஹார்மோன்களையும் வளர்சிதை மாற்றத்தையும் பற்றிய ஆய்வுகளை 1850களிலிருந்து வரிசையாகப் படித்தால் ஒரு திருப்பம் தெரிகிறது. முதல் நூறாண்டு, ‘இந்தப் பொருள் எங்கே சுரக்கிறது?’ என்ற கேள்வியைத் துரத்தியது. அதற்கு ஓரளவு விடை கிடைத்த பிறகே, ‘அது எப்படிப்பட்ட உடலில் வந்து இறங்குகிறது?’ என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவது கேள்விதான் கடினமானது. பாடநூல்களோ இன்னும் முதல் கேள்விக்கான விடையையே கர்ப்ப உடலியல் முழுவதுமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பது என் கருத்து.

சிறுநீரில் தொடங்கிய விசாரணை

1856இல் பாரிஸ் மருத்துவர் இப்போலித் ப்ளோ, பிள்ளை பெற்ற பெண்கள், பால் கொடுக்கும் பெண்கள், கர்ப்பிணிகளில் சிலர் ஆகியோரின் சிறுநீரில் சர்க்கரை இருப்பதாக அறிவித்தார். அக்கால மருத்துவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை என்றால் நீரிழிவு. நீரிழிவு என்றால் மரணம். ப்ளோ அதை இயல்பான உடலியல் நிகழ்வு என்று சொன்னதுதான் துணிச்சல். அவர் பயன்படுத்திய சோதனைக்குச் சர்க்கரைகளைப் பிரித்தறியத் தெரியாது. பிரசவித்த பெண்களிடம் கண்டது பாலில் உள்ள லாக்டோஸ் என்று 1877இல் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர் காட்டினார். ஆனால் கர்ப்பிணிகள் விஷயத்தில் ப்ளோவை முழுக்கத் தள்ளிவிட முடியாது. கர்ப்பத்தில் சிறுநீரகம் வடிகட்டும் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடுகிறது. ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும்போதே கொஞ்சம் குளுக்கோஸ் வெளியே போகிறது. தவறான சோதனையிலிருந்து பாதி சரியான முடிவுக்கு வந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

மூன்றாண்டு கழித்து க்ளோத் பெர்னார் நஞ்சுக்கொடியில் கிளைக்கோஜன் சேர்ந்திருப்பதைக் கண்டார். சிசுவின் கல்லீரல் வேலையைத் தொடங்கும் முன், அதன் பொறுப்பை நஞ்சுக்கொடி ஏற்கிறது என்று கருதினார். வெறும் வடிகட்டி என்று நினைத்திருந்த உறுப்புக்குச் சொந்த வேலை ஒன்று உண்டு என்ற எண்ணத்துக்கு இது முக்கியமான தொடக்கம்.

சுரப்பிடத்தைத் தேடி

‘ஹார்மோன்’ என்ற சொல்லை எர்னஸ்ட் ஸ்டார்லிங் லண்டனில் அறிமுகப்படுத்திய 1905ஆம் ஆண்டிலேயே, வியன்னாவின் யோசஃப் ஹால்பன் நஞ்சுக்கொடியும் ஒரு சுரப்பியே என்று வாதிட்டார். அவருடைய சான்றில் ஒன்று எந்த மருத்துவச்சிக்கும் தெரிந்தது: மார்பு கர்ப்பம் முழுக்க வளர்ந்தாலும், நஞ்சு விழுந்த பிறகுதான் பால் இறங்குகிறது. மார்பை வளர்ப்பதும் பாலைத் தடுத்து வைப்பதும் நஞ்சுக்கொடியின் சுரப்பே என்றார் ஹால்பன். ஆய்வகச் சான்று இல்லாமல் பிறந்த இந்தக் கருத்து பெரும்பகுதி சரியென்று பின்னாளில் தெரியவந்தது.

பிரெஸ்லாவில் லுட்விக் ஃபிராங்கல் வேறு இடத்தைக் காட்டினார். அவருடைய ஆசான் குஸ்டாவ் போர்ன், கருமுட்டை வெளியேறிய பின் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் திட்டு ஏதோ சுரந்து கருவைக் காக்கிறது என்று ஊகித்துவிட்டு 1900இல் இறந்துபோனார். ஃபிராங்கல் முயல்களின் மஞ்சள் திட்டுகளைச் சுட்டு அழித்தார், கருக்கள் நிலைக்கவில்லை. முயலுக்கு இது சரி. பெண்களிடமோ, கர்ப்பத்தின் நடுவில் சூலகத்தை அறுவை செய்து எடுத்த பிறகும் பிள்ளை பிறந்த நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. இந்த முரணுக்குத் தெளிவான விடை 1970களில் ஆர்ப்பாட் சாப்போவின் ஆய்வுகளில்தான் கிடைத்தது. ஏழாவது வாரத்துக்கு முன் மஞ்சள் திட்டு போனால் கரு கலைகிறது. ஒன்பதாவது வாரம் தாண்டினால் நஞ்சுக்கொடியே புரோஜெஸ்டிரோன் சுரப்பை ஏற்றுக்கொள்கிறது. பிரசவம் நெருங்கும்போது அது ஒரு நாளைக்குச் சுரப்பது 250 மில்லிகிராமுக்கும் மேல். மாதச் சுழற்சியின் பின்பாதியில் சூலகம் சுரப்பதுபோல் ஏறத்தாழ பத்து மடங்கு.

இந்தக் காலத்தின் புகழ்பெற்ற சோதனை பெர்லினில் பிறந்தது. சாரித்தே மருத்துவமனையில் ஸெல்மர் ஆஷ்ஹைமும் பெர்ன்ஹார்ட் ஸோண்டெக்கும் கர்ப்பிணியின் சிறுநீரைப் பருவமடையாத சுண்டெலிக்கு ஊசி மூலம் செலுத்தினால் சில நாள்களில் அதன் சூலகம் முதிர்வதை 1927–28இல் காட்டினார்கள். நம்பகமான முதல் கர்ப்பச் சோதனை அது. ஆனால் அந்தப் பொருள் தாயின் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது என்பது ஸோண்டெக்கின் முடிவு. சூலகத்தைத் தூண்டுவது பிட்யூட்டரி என்பது தெரிந்த விஷயம். ஆகவே சூலகத்தைத் தூண்டும் எதுவும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். தர்க்கத்தில் குறையில்லை, விடைதான் தப்பு. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு யூதர்களான இருவரும் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆஷ்ஹைம் பாரிஸுக்கும், ஸோண்டெக் ஸ்டாக்ஹோம் வழியாக ஜெருசலேமுக்கும் போனார்கள். பிரெஸ்லாவின் ஃபிராங்கலும் உருகுவேயில் தஞ்சம் புகுந்தார். கர்ப்ப ஹார்மோன் ஆய்வின் ஜெர்மன் அத்தியாயம் அறிவியல் காரணம் எதுவுமின்றி அறுந்துபோனது.

பிழை திருத்தப்பட்டது அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில். நஞ்சுக்கொடிச் செல்களைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தபோது அவையே அந்த ஹார்மோனைச் சுரப்பதை ஜார்ஜ் கை, ஜார்ஜியானா ஸீகர் உள்ளிட்டோர் 1938இல் காட்டினர். ஸீகர், பின்னாளில் ஜார்ஜியானா ஜோன்ஸ், அமெரிக்காவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைச் சாத்தியமாக்கிய தம்பதியரில் ஒருவர்.

ஈஸ்ட்ரோஜன் கணக்கு இன்னும் விசித்திரமானது. கர்ப்பிணியின் உடலில் அது பல மடங்கு பெருகுகிறது. ஆனால் நஞ்சுக்கொடியிடம் அதை முதலிலிருந்து செய்து முடிக்கத் தேவையான நொதி ஒன்று இல்லை. சிசுவின் அட்ரீனல் சுரப்பி மூலப்பொருளை அனுப்ப, நஞ்சுக்கொடி அதை ஈஸ்ட்ரோஜனாக முடித்துத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. மூளை வளராத சிசுக்களின் அட்ரீனல் சிறுத்திருக்கும்; அவற்றின் தாய்மாரிடம் ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவாக இருந்ததை டென்மார்க் ஆய்வாளர்கள் கவனித்ததும் இதற்குச் சான்றானது. சிசுவையும் நஞ்சுக்கொடியையும் ஒரே சுரப்பியாகக் கருத வேண்டும் என்று 1960களில் ஸ்டாக்ஹோமின் எகான் டிட்ஸ்ஃபாலுஷி முன்வைத்த கருத்தோடு, சுரப்பிடத்தைத் தேடிய பயணம் ஏறக்குறைய முடிந்தது. சூலகம், பிட்யூட்டரி, நஞ்சுக்கொடி, சிசு: அறுபது ஆண்டில் நான்கு முகவரிகள்.

1964, பாஸ்டன்

கர்ப்பத்தின் சர்க்கரைக் கணக்கும் இதே காலத்தில்தான் சூடுபிடித்தது. ரோஸலின் யாலோவும் சாலமன் பெர்சனும் நியூயார்க்கில் உருவாக்கிய கதிரியக்க முறை, ரத்தத்தில் இன்சுலினை நேரடியாக அளக்க வழிசெய்தது. 1963இல் ஸ்பெல்லேஸியும் கெட்ஸும் கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் இன்சுலின் குறையவில்லை, கூடுகிறது என்று காட்டினர். இன்சுலின் மிகுந்தும் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை சற்று உயர்ந்தே நிற்கிறது. அப்படியென்றால் உடல் இன்சுலினுக்கு முன்போல் இசையவில்லை. கர்ப்பமில்லாதவரிடம் நோயின் அடையாளமாகும் இந்த இன்சுலின் எதிர்ப்பு, கர்ப்பத்தில் எல்லா ஆரோக்கியமான பெண்களிடமும் வருகிறது.

1964இல் பாஸ்டன் சிட்டி மருத்துவமனையைச் சுற்றி நடந்தது கவனிக்கத்தக்கது. ஜான் ஓ’சல்லிவனும் புள்ளியியலாளர் க்ளேர் மஹனும் 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பெற்ற அளவுகளிலிருந்து, கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கான எல்லைக்கோட்டை அந்த ஆண்டு வெளியிட்டார்கள். அதே ஓ’சல்லிவன், நார்பர்ட் ஃபிரைங்கலோடு சேர்ந்து, இயல்பான கர்ப்பத்தில் குளுக்கோஸும் இன்சுலினும் கொழுப்பு அமிலங்களும் எப்படி ஒன்றையொன்று இழுக்கின்றன என்று விவரித்த கட்டுரையும் அந்த ஆண்டில்தான் வந்தது. ஒரு கை கோடு கிழிக்க, மறு கை கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை விவரித்தது. ஆனால் 1964இன் கோடு எதைக் கணித்தது? தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருமா என்பதை. சிசுவுக்கு என்ன ஆகும் என்பதை வைத்து அது கிழிக்கப்படவில்லை. அந்தக் கோட்டையும் அதன் வழிவந்த திருத்தங்களையும் உலகம் பல பத்தாண்டுகள் பின்பற்றியபோது இந்த விவரம் பின்னுக்குப் போய்விட்டது.

கர்ப்பிணியின் உடல் பட்டினியை எப்படி எதிர்கொள்கிறது என்று விளக்கியதே ஃபிரைங்கலின் பெரிய பங்களிப்பு. சாப்பிட்டவுடன் சத்தைச் சேமிக்கும் வேகமும், வயிறு காலியானதும் கொழுப்பை எரிக்கும் வேகமும் கர்ப்பத்தில் கூடிவிடுகின்றன. குளுக்கோஸ் சிசுவுக்கு ஓயாமல் போகிறது. தாய் அதை விட்டுக்கொடுத்துக் கொழுப்பையும் கீட்டோன்களையும் தன் எரிபொருளாக்கிக்கொள்கிறாள். 1970இல் ஃபிலிப் ஃபெலிக்கும் வின்சென்ட் லிஞ்ச்சும், கருக்கலைப்புக்காக வந்திருந்த ஆரோக்கியமான கர்ப்பிணிகளையும் கர்ப்பமில்லாத பெண்களையும் சுமார் மூன்றரை நாள் பட்டினியில் வைத்து ஒப்பிட்டார்கள். கர்ப்பிணிகளின் சர்க்கரை வேகமாகச் சரிந்தது, கீட்டோன் கூடுதலாக ஏறியது. இன்றைய நெறிக்குழு எதுவும் இப்படியொரு சோதனையை அனுமதிக்கும் என்று தோன்றவில்லை. ஆனாலும் இந்தத் துறை அதன் மேல்தான் நிற்கிறது. 1982இல் மெட்ஸ்கரும் ஃபிரைங்கலும் இன்னும் எளிய கேள்வியைக் கேட்டார்கள்: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் காலை உணவையும் விட்டால்? பதினெட்டு மணி நேரத்துக்குள் நிறைமாதக் கர்ப்பிணியின் ரத்தம் பட்டினி ரத்தமாக மாறிவிட்டது. மாசமான பெண் வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான உடலியல் விளக்கம் கிடைக்காது. நாள்கிழமை விரதங்களின்போது அதே பெரியவர்கள் அதைத் தளர்த்திவிடுவதும் உண்டு.

ஏற்கும் உடல்

இன்சுலின் எதிர்ப்பை உண்டாக்கும் பொருள் எது? நஞ்சுக்கொடி லாக்டோஜன் என்ற ஹார்மோன் 1961–62இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அடையாளம் காணப்பட்டதும் பலரும் அதையே குற்றவாளியாக்கினர். பிரசவம் நெருங்கும்போது அது நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிராம் சுரக்கிறது. ஹார்மோன் உலகில் இது பிரம்மாண்டமான அளவு. ஆனால் அதன் மரபணு இல்லாமலேயே இயல்பான கர்ப்பங்கள் நிறைவடைந்த நிகழ்வுகள் பதிவாயின. 1980களில் நஞ்சுக்கொடியின் வளர்ச்சி ஹார்மோன் கண்டறியப்பட்டது. அது இன்னொரு வேட்பாளர். 2002இல் கிர்வன், கட்டலானோ குழுவினர், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பெண்களைத் தொடர்ந்து அளந்து, இன்சுலின் உணர்திறன் மாற்றத்தோடு மிக நெருங்கிப் பொருந்தியது டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள்தான், கர்ப்ப ஹார்மோன்கள் அவ்வளவு பொருந்தவில்லை என்று எழுதினர்.

இங்கே என்னை ஈர்ப்பது டிஎன்எஃப்-ஆல்ஃபாவைக் காட்டிலும் ‘கர்ப்பத்துக்கு முன்பிருந்தே’ என்பதுதான். பேட்ரிக் கட்டலானோ 1990களில் தொடங்கிய இம்முறை துறையின் கேள்வியையே மாற்றியது. கர்ப்பத்தின் இறுதியில் இன்சுலின் உணர்திறன் பாதிக்கும் மேல் குறைகிறது; ஈடுகட்டக் கணையம் இரண்டு, மூன்று மடங்கு இன்சுலின் சுரக்கிறது. இந்தச் சரிவு எல்லாருக்கும் பொது. அது தொடங்கிய உயரம் ஆளுக்கு ஆள் வேறு. கர்ப்பத்துக்கு முன்பே கணையத்தின் கையிருப்பு மெலிந்திருந்தவருக்கு அதே சரிவு நோயாகிறது.

ஆற்றல் கணக்கிலும் இதே பாடம். அபர்டீனில் ஃபிராங்க் ஹிட்டனும் இசபெல்லா லீச்சும் 1964இல் எழுதிய நூல், ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 80,000 கிலோ கலோரி செலவு, எடை கூடுவது 12.5 கிலோ என்று கணக்கிட்டது. காம்பியாவின் கெனேபா கிராமத்தில் குறைவாகச் சாப்பிட்டு வயலில் உழைத்த பெண்களை 1980களில் அளந்தபோது, கர்ப்பத்தின் முற்பாதியில் அவர்களின் ஓய்வுநிலை ஆற்றல் செலவு குறைந்திருந்தது. நன்றாக உண்ட ஐரோப்பியப் பெண்களிடம் அது ஏறும். ஒரே ஹார்மோன்கள், கையிருப்பைப் பார்த்து உடல் வேறு கணக்குப் போடுகிறது.

2008இல் வந்த ஹாப்போ ஆய்வு ஒன்பது நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை அளந்து, தாயின் சர்க்கரை ஏற ஏறச் சிசுவுக்கான ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது, நடுவில் இயற்கையான எல்லை எதுவும் இல்லை என்று காட்டியது. கோட்டை மனிதர்கள்தான் கிழிக்க வேண்டும். அந்த ஆய்வில் இந்திய மையம் ஒன்றும் இல்லை. சென்னையின் வி. சேஷய்யா முன்வைத்த முறை வேறு நடைமுறையிலிருந்து பிறந்தது: வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் தொலைவிலிருந்து வரும் பெண் திரும்பி வரமாட்டாள், ஆகவே சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை எட்டுகிறதா என்று பார். ஆரோக்கியமான கர்ப்பிணியின் கணையம் சாப்பாட்டின் மேல் குளுக்கோஸ் விழுந்தாலும் சமாளித்துவிடும் என்பது இதன் உடலியல் நியாயம். மத்திய சுகாதார அமைச்சகம் 2014இலும் 2018இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இம்முறையே இடம்பெற்றது. வி. மோகன் தலைமையிலான சென்னை ஆய்வாளர்கள், வெறும் வயிற்றுச் சோதனையோடு ஒப்பிட்டால் இது பலரைத் தவறவிடுகிறது என்று 2014இல் எழுதினர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையைப் பார்த்தவர்கள் சேஷய்யா பக்கம் கொஞ்சம் சாய்வார்கள்.

மசக்கையின் கதை மிகப் புதியது. 2023 டிசம்பரில் மார்லினா ஃபெய்ஸோ, ஸ்டீஃபன் ஓ’ராஹிலி உள்ளிட்ட குழு, கடுமையான மசக்கைக்கு ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் காரணம் என்று காட்டியது. கர்ப்பிணியின் ரத்தத்தில் அதன் பெரும்பகுதி சிசு, நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. எங்கே சுரக்கிறது என்ற முதல் கேள்வியோடு நின்றிருந்தால், அதிகம் சுரந்தால் அதிக வாந்தி என்று ஆய்வு முடிந்திருக்கும். ஆனால் கர்ப்பத்துக்கு முன் ரத்தத்தில் அது குறைவாக இருந்த பெண்களே அதிகம் வதைபட்டார்கள். பழகாத உடலில் அது திடீரென இறங்குகிறது. மறுமுனைக்குச் சான்று தேடி, இலங்கை ஆய்வாளர்களும் பங்கேற்ற இந்தக் குழு, ஜிடிஎஃப்15 எப்போதும் உயர்ந்தே இருக்கும் பீட்டா தலசீமியா உள்ள பெண்களிடம் கேட்டது. அவர்களில் பெரும்பாலோர் கர்ப்பத்தில் குமட்டலையே அதிகம் அறிந்திருக்கவில்லை. சுண்டெலிகளுக்கு இந்த ஹார்மோனை முன்கூட்டியே கொடுத்துப் பழக்கியபோது, பின்னர் பெரிய அளவில் கொடுத்தும் அவை தீனியை அவ்வளவாக ஒதுக்கவில்லை.