பேருந்தில் எழுதியிருந்த பெயர்

நான் ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூடம் போன நாளில் ஊருக்குள் வரும் அரசு பஸ்ஸின் பக்கவாட்டில் 'கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள், "ஏல, கட்டபொம்மன் போயிட்டானால?" என்று சர்வ சாதாரணமாகக் கேட்பார்கள். மாவட்டத்தின் பெயரும் அதுதான், நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். தூக்கில் தொங்கிய ஒரு மனிதனின் பெயரைச் சொல்லித்தான் அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் போய்வந்தோம்.

1997-இல் அந்தப் பெயர் அழிந்துபோனது. அழித்தது வெள்ளைக்காரன் இல்லை. விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்தவர் என்று மக்கள் நினைவில் நிற்பவர் சுந்தரலிங்கம், தேவேந்திரகுலத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. ஒரே கோட்டைக்காகச் சண்டை போட்ட இருவர் பெயரும் இரண்டு பஸ்களில்கூட ஓட முடியவில்லை.

யார் தியாகி, யார் துரோகி, எந்த நாட்டுக்கு விசுவாசம்? இந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்தக் காலத்து நிலைமையைப் பார்ப்போம். 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் மதுரைச் சீமையை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வழக்கு. பாளையக்காரர் வரி வசூலிப்பார், காவல்கூலி வாங்குவார், சொந்தமாகப் படை வைத்துக்கொள்வார். மேலே ஒரு நாயக்க அரசு இருந்தவரை இந்த ஏற்பாடு ஓடியது. 1736-இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்ததும் மேலே ஆளில்லை, கீழே படைகள் மட்டும் அப்படியே நின்றன. ஆழ்வார்குறிச்சியிலிருந்து பார்த்தால் தெற்கே சிங்கம்பட்டி, ஊர்க்காடு, வடக்கே ஊற்றுமலை, சொக்கம்பட்டி, சிவகிரி என்று நான்கு பக்கமும் ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு படை. விதைத்தவன் யாருக்கு வாரம் அளப்பது என்பதே அன்றைக்குப் பெரிய கேள்வியாக இருந்திருக்கும்.

இந்த நிலையில் 'நாட்டுப்பற்று' என்றால் எந்த நாடு? 1755-இல் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கம்பெனியின் கர்னல் ஹெரானும் கப்பம் கேட்டுத் தெற்கே வந்தார்கள். நெற்கட்டுஞ்செவல் புலித்தேவர் மேற்குப் பாளையங்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நின்றார். அந்தக் கூட்டணியில் கிழக்கே இருந்த பாஞ்சாலங்குறிச்சி சேரவில்லை, எட்டயபுரமும் சேரவில்லை. அப்போது பாஞ்சாலங்குறிச்சியை ஆண்டவர் நமக்குத் தெரிந்த கட்டபொம்மனின் முன்னோர்.

1761-இல் புலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தது யார்? கம்பெனியின் தமிழ்த் தளபதி யூசுப்கான், மருதநாயகம். மூன்றே வருஷத்தில் அதே யூசுப்கான் கம்பெனியை எதிர்த்தார். மதுரைக் கோட்டைக்குள் இருந்த தன் ஆட்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 அக்டோபர் 15-இல் தூக்கில் தொங்கினார். புலித்தேவர் பக்கமிருந்து பார்த்தால் இவர் துரோகி, மதுரைப் பக்கமிருந்து பார்த்தால் தியாகி. ஆள் ஒருவர்தான்.

1783-இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகிரியையும் சேர்த்தே தாக்கினார். பதினாறு வருஷம் கழித்து, கட்டபொம்மனை விசாரித்த இடத்தில் சிவகிரிப் பாளையக்காரர் கம்பெனியின் பக்கம் உட்கார்ந்திருந்தார். காரணம் இருந்தது. சிவகிரியாரின் மகன் அப்பாவை எதிர்த்துக் கிளம்பியபோது கட்டபொம்மன் மகனுக்குத் துணையாகப் படை அனுப்பினார். கம்பெனி சொன்ன குற்றங்களில் அதுவும் ஒன்று. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு பல காலமாக இருந்தது. இன்றைக்கு டீக்கடையில் "அவன் சரியான எட்டப்பன்லா" என்கிறோம். ஒரு ஆளின் பெயர் வசவாகவே ஆகிவிட்டது. ஆனால் 1799-இல் எட்டயபுரத்தாருக்குக் கட்டபொம்மன் 'நாடு' இல்லை, வேலி தாண்டி வரும் பக்கத்து வீட்டுக்காரர். அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அன்றைக்கு இல்லாத ஒரு நாட்டுக்கு அவர் துரோகம் செய்ததாகச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் கட்டபொம்மனும் படை வைத்திருந்த இன்னொரு பாளையக்காரர்தானா? தமிழ்வாணன் அவரைக் கொள்ளைக்காரன் என்றே புத்தகம் எழுதினார். ம.பொ.சி. விடுதலை வீரர் என்று எழுதினார். இரண்டு பக்கமும் கிஸ்தி பாக்கி எவ்வளவு, யார் யாரைக் கொள்ளையடித்தார்கள் என்றே கணக்குப் பார்க்கின்றன. என் கண் போவது வேறு இடத்துக்கு, 1799 அக்டோபர் 16-க்கு.

அன்று கயத்தாற்றில் மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களை வரவழைத்து உட்காரவைத்து அவர்கள் முன்னால் கட்டபொம்மனை விசாரித்தார். இவர்கள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதே ஏற்பாடு. அதைப் பற்றிப் பானர்மேனே மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கட்டபொம்மன் கொஞ்சமும் கலங்கவில்லை. எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி ஏளனமாகப் பார்த்தார். தூக்குமரத்துக்கு நடந்துபோகையில் வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வெளியே வராமல் அங்கேயே சண்டை போட்டுச் செத்திருக்கலாமே என்று வருந்தினார். இதையெல்லாம் எழுதிவைத்தது தூக்கில் போட்டவன். புகழ வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

அந்தத் தம்பிதான் ஊமைத்துரை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மறுபடி எழுந்து நின்றது. கூலிக்குக் கட்டிய கோட்டை அவ்வளவு சீக்கிரம் எழும்பாது. எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையைப் பற்றி ஒரு காட்சி வருகிறது. உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை அடுக்குவாராம், அதுதான் வெள்ளைக்காரப் படை. அப்புறம் மற்றக் கையால் ஒரே வீச்சில் துடைத்துவிட்டு வாயால் 'உஷ்' என்று ஊதுவாராம். அதுதான் அவர் பேச்சு, அதுதான் தாக்கச் சொல்லும் உத்தரவு.

1801 மே 24-இல் கோட்டை விழுந்தது. வெளியே பாய்ந்தவர்களைக் குதிரைப்படை வெட்டிச் சாய்த்தது. ஊமைத்துரை காயம்பட்டு விழுந்தார். பிறகு நடந்ததையும் வெல்ஷ் சொல்கிறார். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் பிணங்களுக்கு நடுவே தங்கள் ஆட்களைத் தேடி வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்தாள், உயிர் கொஞ்சம் இருந்தது. அவன் அம்மாவிடம் தன்னை விட்டுவிடச் சொன்னான். பக்கத்தில் கிடக்கிற 'சாமி'யைக் காப்பாற்றச் சொன்னான். அவளும் அப்படியே செய்தாள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், பெண்கள் உடம்பைத் துணியால் மூடி, அம்மை போட்டுச் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

அந்தத் தாயின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை, மகன் பெயரும் இல்லை. அவர்களுக்குக் கப்பம் தெரியாது, நவாப் உடன்படிக்கை தெரியாது. ஆனால் அந்தப் பொட்டலில் அவர்கள் காட்டியது விசுவாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு தலைவனுக்குக் காட்டிய விசுவாசம் அது. நாட்டுக்கு என்று மாற இன்னும் சில வாரம் வேண்டியிருந்தது.

தப்பிய ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போனார், மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். 1801 ஜூன் 16-இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. 'ஜம்புத்தீவப் பிரகடனம்' என்கிறோம். அது ஒரு பாளையத்து ஆட்களை மட்டும் கூப்பிடவில்லை. ஜம்புத்தீவில் வாழும் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான் என்று எல்லாரையும் கூப்பிட்டது. ஆளுக்கொரு கோட்டை வைத்திருந்தவர்கள் தோற்றுக்கொண்டே போகையில்தான், எல்லாருக்கும் பொதுவாக ஒரு நாடு உண்டு என்பதைக் கண்டுபிடித்தார்கள். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும், நவம்பர் 16-இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டார்கள். எழுபதுக்கு மேற்பட்டவர்களைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் ஒரு கல்குவியல் இருந்ததாகச் சொல்வார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுப் போவார்களாம். 1970-இல் அந்த ஊரில் சிவாஜி கணேசன் சிலை வைத்தார், அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே மக்கள் வைத்த நினைவுச்சின்னம் அது. கல் போட்டவன் என்ன சாதி என்று கல்லில் எழுதியிருக்காது. பெயர் இல்லாத கற்கள், பெயர் இல்லாத அந்தத் தாய் மாதிரி.

தியாகியை உண்டாக்குவது தூக்குக்கயிறு இல்லை, கிஸ்தி பாக்கியும் இல்லை. போகிற வழியில் ஒரு கல் எடுத்துப் போடுகிறவர்கள்தான் உண்டாக்குகிறார்கள். நாம் இப்போது அந்தக் குவியலைக் கலைத்து, இது எங்க கல், அது உங்க கல் என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஜெயந்தி, குருபூஜை என்று ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நாள், நாளுக்கு ஆயிரக்கணக்கில் போலீஸ். 72 பாளையம் ஒழிந்துவிட்டதாகப் பாடப்புத்தகம் சொல்கிறது.

இப்போது ஆழ்வார்குறிச்சிக்கு வரும் பஸ்ஸில் 'தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. யார் பெயரும் இல்லை, யாருக்கும் சண்டையும் இல்லை. போன மாசம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பழைய பழக்கத்தில், "கட்டபொம்மன் வந்துட்டானா தம்பி?" என்று கேட்டார்.

"இன்னும் வரல அண்ணாச்சி" என்றேன்.