கப் ஏறிவந்த தூரம்

1937-இல் லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை ஒரு சிறு ரப்பர்க் கப்புக்குக் காப்புரிமை வாங்கினார். மாதவிடாய் இரத்தத்தைத் துணியில் ஊறவிடாமல் உடலுக்குள்ளேயே ஏந்தி, பிறகு வெளியே கொட்டிவிடும் ஏற்பாடு அது. உலகப் போர் வந்தது, ரப்பருக்குத் தட்டுப்பாடு, தயாரிப்பு நின்றது. போருக்குப் பின் மறுபடி கடைக்கு வந்தபோதும் எடுபடவில்லை. தன் உடலைத் தானே தொட்டுப் பார்க்கப் பெண்களுக்கு அவ்வளவு கூச்சத்தை ஊட்டி வளர்த்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து மருத்துவத் தரமுள்ள சிலிக்கானில் வார்த்த பிறகுதான் கப் நாடு நாடாகப் பரவியது.

கேரளத்தில் அதைப் பெரிய அளவில் கொண்டுசேர்த்தது திருவனந்தபுரத்தின் எச்.எல்.எல். நிறுவனம். 1966-இல் 'இந்துஸ்தான் லேடக்ஸ்' என்ற பெயரில் ஆணுறை தயாரிக்கத் தொடங்கப்பட்டது அது. 2018 வெள்ள முகாம்களில் பயன்படுத்திய நாப்கின்களை எங்கே போடுவது என்று தெரியாமல் பெண்கள் பட்ட பாட்டைக் கேரளம் பார்த்தது. மறு ஆண்டே 'திங்கள்' என்ற திட்டத்தில் ஆலப்புழை நகராட்சியில் 5,000 கப்கள் கொடுக்கப்பட்டன. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி, நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. கப்பைக் கையில் திணித்துவிட்டுப் போகாமல் வகுப்பும் எடுத்தார்கள் என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எச்.எல்.எல். இருக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே விதுராவைத் தாண்டி மலையேறினால் போனக்காடு தேயிலை எஸ்டேட். அகத்தியர்கூடம் மலைச்சிகரத்துக்கு நடைபயணம் இங்கிருந்துதான் புறப்படுகிறது. அகத்தியர் பிரம்மச்சாரி என்ற நம்பிக்கையால் பெண்களுக்கு அங்கே நெடுங்காலம் தடை இருந்தது. உயர் நீதிமன்றம் வழிவிட்ட பின், 2019 ஜனவரியில் தன்யா சனல் முதல் பெண்ணாகச் சிகரம் ஏறினார். செய்தி நாடெங்கும் போயிற்று. ஆனால் அந்த மலையின் சரிவுகளில் தலைமுறைகளாக மாதத்தின் எல்லா நாளும் கொழுந்து பறித்த எஸ்டேட் பெண்களை யார் கணக்கில் எடுத்தார்கள்?

தேயிலைக் காட்டில் கழிப்பறை கிடையாது. காலையில் வைத்த துணி சாயங்காலம் வரை அப்படியே இருக்கும், நனைந்து தொடையை அறுக்கும். துவைத்தாலும் மழைக்காலத்தில் காயாது. வெயில் அடித்தாலும் அதை வெளிக்கொடியில் போடாமல் பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவார்கள். ஈரத்திலேயே மறுபடி கட்டுவார்கள். போனக்காட்டிலோ தொழிற்சாலை மூடப்பட்டது, லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிந்து சிதைந்தன. கூலி நிலுவையில் நிற்கும் வீட்டில் மாதாமாதம் நாப்கினுக்கு யார் காசு எடுத்துவைப்பார்கள்?

அதனால்தான் இந்த மலைக்குக் கப் பொருந்தும் என்கிறேன். மடித்து உள்ளே வைத்தால் விரிந்து நிற்கும். எட்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். கொட்டிக் கழுவி மறுபடி வைக்கலாம். மாதவிடாய் முடிந்ததும் நீரில் சில நிமிடம் கொதிக்கவைத்தால் போதும். ஒன்று வாங்கினால் பல ஆண்டு வரும். 2019-இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழ் 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இது பாதுகாப்பானது என்றது.

பழக இரண்டு மூன்று மாதம் ஆகும், முதலில் கசியவும் செய்யும். காப்பர்-டி போட்டவர்கள் நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வைக்க வேண்டும், கப்பை எடுக்கும்போது காப்பர்-டியின் நூல் இழுபடக்கூடும். கல்யாணம் ஆகாத பெண் வைக்கலாமா, கன்னித்தன்மை போய்விடுமா என்று தாய்மார்கள் பயப்படுவார்கள். கன்னித்தன்மையை ஒரு சவ்வை வைத்து அளப்பதே தவறு என்று அவர்களுக்கு முகம் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பக்கத்து லயத்துப் பெண்ணே பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னால் எடுபடும். மேடைப் பேச்சு எடுபடாது.

கப்பைக் கொதிக்கவைக்கத் தனிப் பாத்திரம் வேண்டும், கை கழுவச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் வேண்டும். 2023-இல் கேரள அரசு கப் பரவலுக்கென்று பட்ஜெட்டில் 10 கோடி ரூபாய் அறிவித்தது. அப்படிப்பட்ட பணம் மலையேறும்போது, லயத்துக் குளியலறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் அந்தச் செலவிலேயே சேர வேண்டும்.