வெங்காரம் வந்த வழி

சங்ககிரியில் கொலுசு பற்றவைக்கும் பத்தருக்கு வெங்காரம் இல்லாமல் வேலை ஓடாது. பற்றாசுப் பொடியோடு சேர்த்து வைத்து ஊதினால், சூட்டில் படியும் களிம்பைக் கரைத்து வெள்ளியை வெள்ளியோடு சேர்த்துவிடும். ஆனால் அது நம் மண்ணில் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் இங்கும் நிலம் கொதித்ததுதான்: எடப்பாடிப் பக்கம் பக்கநாட்டில் சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து, கார்பனடைட் என்ற அரிய பாறைக்குழம்பு மேலேறியது. அவ்வகைக் குழம்பை இன்றும் கக்கும் ஒரே எரிமலை தான்சானியாவில், ஆப்பிரிக்கப் பெரும்பிளவில் இருக்கிறது. நம் பிளவோ எப்போதோ ஆறிவிட்டது.

வெங்காரம் புதிதாக ஊறிவரச் சூடு ஆறாத நிலம் வேண்டும். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு அப்படிப்பட்டது. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதிய விளிம்பில், பனிநீர் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, போரானைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. நீர் வற்றிய இடத்தில் வெங்காரம் வெள்ளையாகப் பூக்கிறது.

இமயத்துக்கு அப்பாலிருந்து அதை ஆடுகளின் முதுகில் ஏற்றிக் கணவாய் கடத்தினார்கள். ஐரோப்பாவில் அதைச் சுத்திகரிக்கும் வித்தையை வெனிஸ் வணிகர்கள் நெடுங்காலம் ரகசியமாக வைத்திருந்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

1777-இல் திருப்பம் வந்தது. இத்தாலியின் டஸ்கனியில் கொதிக்கும் சேற்றுக் குட்டைகளில் வெங்காரம் செய்ய உதவும் போரிக் அமிலம் இருப்பதை ஹோஃபர் என்பவர் கண்டுபிடித்தார். அங்கே நிலம் இழுபட்டு மெலிந்து விரிசல் விட்டிருக்கிறது. அடியில் கிரானைட் இன்னும் சூடாக இருக்கிறது. அந்தக் குட்டை நீரைக் காய்ச்ச விறகு கட்டுப்படியாகவில்லை. 1827-இல் லார்டெரெல் என்ற பிரெஞ்சு வணிகர், நிலத்தின் நீராவியையே அடுப்பாக்கினார். விறகுச் செலவை மிச்சம் பிடிக்கச் செய்த அந்த வேலைதான் பின்வந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம். 1904-இல் அக்குடும்பத்து மருமகன் ஜினோரி கோன்டி அதே ஆவியில் ஐந்து பல்புகளை எரித்தார். 1913-இல் 250 கிலோவாட் மின்நிலையமே வந்துவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் அந்த மின்நிலையத்தைப் பார்த்துக் கற்க நியூசிலாந்து ராணுவப் பொறியாளர்கள் போனார்கள். பின்வாங்கிய ஜெர்மானியர் அதைத் தகர்த்திருந்தார்கள். ஆனாலும் நியூசிலாந்துக்காரர்கள் 1958-இல் தங்கள் எரிமலை மண்டலமான வைராக்கேயில் நிலத்தின் ஆவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். 1981-இல் கென்யாவின் ஒல்காரியாவிலும் எடுத்தார்கள், அதே ஆப்பிரிக்கப் பெரும்பிளவில்.

வெங்காரம் பூக்கும் நம் பூகாவிலோ, அதேபோல் 1 மெகாவாட் நிலையம் அமைக்க ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டது 2021-இல்தான். டீசலை மலையேற்றிக் குளிர்காலத்தைக் கடக்கும் லடாக்குக்கு இது அவசியம்; இனியும் தள்ளிப்போடக் கூடாது.