அவையின் தீர்ப்பும் அரசன் ஆணையும்

விதிக்கப்பட்ட யாவற்றிற்கும் மக்கள் கட்டுப்படுதல் அறமாமோ என்னும் வினாவிற்கு, சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் அருளிச்செய்த பெரிய புராணத்தில் இருவேறு விடைகள் உளபோலத் தோன்றும். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் தீர்ப்பினை நம்பியாரூரர் ஏற்றார். பல்லவ மன்னன் விடுத்த ஆணையைத் திருநாவுக்கரசு நாயனார் மறுத்தார். ஒருவர் செய்தது முறையாயின் மற்றவர் செய்தது பிழையாகாதோ என ஐயுறுவாரும் உளர்.

மணப்பந்தரிற் புகுந்து அடிமையென வழக்கிட்ட முதியவரின் ஓலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்தனர். வழக்கு அவ்வளவில் முடிந்திலது. அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் யாண்டும் இல்லையே என அவையத்தாரே முதற்கண் வினவினர். ஆகவே ஆட்சி நம்பியாரூரர் பக்கமே நின்றது. ஆயினும் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் வழக்கை நிறுவுதற்கு முதியவர்க்கும் இடந்தந்தனர். கிழிந்தது படியோலையே எனக் கூறி அவர் மூலவோலையைக் காட்ட, அது படிக்கப்பட்டது. மேலெழுத்திட்டோர் எழுத்து ஆராயப்பட்டது. பாட்டனார் கைப்பட எழுதிய பிறிதோர் ஓலையைக் காப்பினின்றும் வருவித்து ஒப்புநோக்கினர். இரண்டும் ஒத்தன.

பாட்டனார் எழுதிய ஓலை பேரனைப் பிணிக்குமோ என்பது எளிய வினாவன்று. நம்பியாரூரர் அதனை எழுப்பியிருத்தல் கூடும், எழுப்பிற்றிலர். தாமே வந்து நின்று வழக்குரைத்த அவையை, தோற்றபின் அவையன்று எனத் தள்ளுதல் அவர்க்கு ஒவ்வாதாயிற்று. முறை இதுவென்றபின் தாம் மறுத்தற்கில்லை என அமைந்தனர்.

இத்தகைய அவையைப் புலவர் கற்பனையென ஒதுக்கற்க. முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூர்ச் சபையார் வெட்டுவித்த கல்வெட்டுக்கள், வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதாரை மீண்டும் வாரியத்திற்குக் கொள்ளலாகாதென விதிக்கின்றன. விதி வகுத்தோரையும் விதி பிணித்த காலம் அது.

திருவதிகையில் நிகழ்ந்தது வேறு. நாயனார்க்கு உற்ற சூலைநோய் பொய்யென்று சமண முனிவர் மன்னனிடம் முறையிட்டனர். ஆவணம் இல்லை, சான்று இல்லை, எதிர்வழக்கும் கேட்கப்படவில்லை. அவ்வளவில் அமைச்சர் ஏவப்பட்டனர். தண்டம் யாதென மன்னன் பின்னர் வினவியதும் வழக்கிட்டாரையே. அத்தகைய ஆணைக்குத் தாம் கட்டுப்பட்டவரல்லர் என்று நாயனார் மறுமாற்றத் திருத்தாண்டகம் அருளினர். ஆயினும் அமைச்சர் அடிவணங்கி வேண்டியவழி உடன்சென்றனர். ஒளித்திலர், படை தேடிற்றிலர், நீற்றறையில் ஏழு நாளும் இருந்தனர். மறுத்ததை மட்டும் எடுத்தோதி, உடன்சென்றதை விடுவோர் புராணத்தைப் பாதியே கற்றவராவர்.

அழைத்துவர ஆள்விடுத்த அம்மன்னன் பின்னர்த் தானே அதிகையை அடைந்து நாயனாரைப் பணிந்தனன் என்று சேக்கிழார் அறிவித்தருளுகின்றார்.